3 வோல்ட் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுக்கலாமா?

மாணவர்களே, பள்ளியின் பெயரைப் பலகையில் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். (இணையத் தொடர்புக்கான ரவுட்டர் அன்று, கணினிக் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கும் இயந்திரம்.) முதல் ஐந்து எழுத்துகள் அழகாக வந்தன. ஆறாவது எழுத்திலிருந்து எல்லாமே 4 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டன. பலகை வீண். இயந்திரமோ ஒன்றும் நடக்காததுபோல் வேலையை முடித்துவிட்டு நிற்கிறது. வீட்டிலேயே இதைச் செய்து பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது.

காரணம், ஸ்டெப்பர் மோட்டார். இது 1.8 பாகையாக அடியெடுத்து வைத்து, 200 படிகளில் ஒரு சுற்றை முடிக்கும். கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொரு படிக்கும் ஒரு மின்துடிப்பை அனுப்பும். அதைப் பெற்று மோட்டார் சுருளுக்கு மின்னோட்டம் தருவது டிரைவர். மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெட்டும் முனை மரத்தில் சிக்கிச் சில படிகள் தவறினாலும் பலகை எண்ணிக்கொண்டே போகும்.

உடனே பெரிய மோட்டார் வாங்கத்தான் பலருக்கும் தோன்றும். என்னைக் கேட்டால், மோட்டாரை விட்டுவிட்டு முதலில் டிரைவரையும் மின்வழங்கியையும் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுருளின் மின்தடை 1 ஓம், தூண்டம் 3 மில்லிஹென்றி, தேவையான மின்னோட்டம் 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி 3 வோல்ட் போதும். ஆனால், ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் லென்சின் விதி இங்கே குறுக்கே நிற்கிறது. மின்னோட்டம் மாறும்போதெல்லாம் சுருள் அதை எதிர்க்கும். 12 வோல்ட் கொடுத்தால் 3 ஆம்பியரை எட்ட ஏறக்குறைய 0.86 மில்லிவினாடி ஆகும். மோட்டார் வினாடிக்கு 10 சுற்று சுழன்றால் ஒரு படிக்குக் கிடைப்பதோ 0.5 மில்லிவினாடி! மின்னோட்டம் ஏறி முடிப்பதற்குள் அடுத்த படி வந்துவிடும், முறுக்குவிசை குறையும், படி தவறும். 36 வோல்ட் கொடுத்தால் 0.26 மில்லிவினாடியே போதும்.

அப்படியானால் சுருள் எரியாதா? எரியாது. நல்ல டிரைவர் மின்னோட்டத்தை அளந்து, 3 ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தை நிறுத்தும். குறைந்ததும் மீண்டும் திறக்கும். இதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். விரல்நுனி அளவுள்ள ஏ4988 டிரைவரால் 3 ஆம்பியர் தர முடியாது. அதன் உச்சமே 2 ஆம்பியர்தான். அதனால்தான் பலர் டிஎம்542 போன்ற பெட்டி வடிவ டிரைவருக்கு மாறுகிறார்கள். அதன் எல்லை 50 வோல்ட். அதற்காக 48 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள். வேகம் குறையும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், எல்லை தாண்டிவிடும்.

அடுத்தது கட்டுப்பாட்டுப் பலகை. ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருள் வினாடிக்கு ஏறக்குறைய 30,000 துடிப்புகள் அனுப்பும். ஒவ்வொரு படியையும் 16 நுண்படிகளாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3,200 துடிப்புகள். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகுத் தண்டு என்றால், உச்ச வேகம் வினாடிக்கு 47 மில்லிமீட்டர்தான். நுண்படிகளை 32 ஆக்கினால் வேகம் பாதியாகும், துல்லியமோ இரட்டிப்பாகாது. இன்னும் வேகம் வேண்டுமென்றால் 32 பிட் பலகைக்கு மாறலாம். மரம் செதுக்க மட்டும் என்றால் ஊனோவே போதும் என்பது என் கருத்து.

பணம் இருந்தால் குறிமாற்றி பொருத்திய மோட்டார் வாங்கலாம். அது தன் நிலையைத் தானே அளந்து, தவறிய படியைச் சரிசெய்யும்; முடியாவிட்டால் எச்சரிக்கை தந்து நின்றுவிடும்.

மின்சாரம் ஓடும்போது மோட்டார் கம்பியை மட்டும் கழற்றாதீர்கள். சுருளில் எழும் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும். அவசர நிறுத்தப் பொத்தானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மாற்றியபின் வெட்டும் முனைக்குப் பதில் பேனாவைப் பொருத்தி, ஒரே சதுரத்தை 20 முறை வேகமாக வரையச் செய்யுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் பலகையை எடுத்து வையுங்கள். விலகினால் முடுக்கத்தைக் குறைத்து மறுபடியும் வரையுங்கள்.