எதுக்கெடுத்தாலும் கோபம்... பிளஸ் டூ பிள்ளைகளின் ‘மூட் அவுட்’டுக்கும் தூக்கத்துக்கும் என்ன தொடர்பு?

“எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறான்.” “நல்லாத்தான் பேசிட்டு இருந்தா, திடீர்னு அழ ஆரம்பிச்சுட்டா.” பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ‘எல்லாம் செல்போன் பண்ற வேலை’, ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டோம்’ என்று பெற்றோரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால், பிள்ளையின் குணத்தைக் குறை சொல்லும் முன், அவர்களின் ஒரு நாளைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்ப்பது நல்லது. அந்தக் கணக்கில் பெரிய துண்டு விழுவது தூக்கத்தில்தான்.

ஒரு நாள் கணக்கு

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவரின் நாளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலை 4.45-க்கு அலாரம். 5.30 முதல் 7 மணி வரை கணக்கு டியூஷன். வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு இட்லியை நின்றுகொண்டே விழுங்கிவிட்டு, 7.45-க்குப் பேருந்து. அதை விட்டால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். 8.15-க்கு ஸ்பெஷல் கிளாஸ். பிறகு மாலை வரை பள்ளி, அதற்குப் பின் இன்னொரு ஸ்பெஷல் கிளாஸ். 6 முதல் 8 மணி வரை இயற்பியல் டியூஷன். சாப்பாடு, ரெக்கார்டு நோட், நாளைய டெஸ்ட் முடிய இரவு 11 மணி. அதன்பின் அரை மணி நேரம் போன். 11.30-க்குப் படுக்கை.

ஆக, தூங்கக் கிடைப்பது ஐந்தே கால் மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. குறைந்தபட்ச அளவான 8 மணி நேரத்தை வைத்துப் பார்த்தாலும், தினமும் இரண்டே முக்கால் மணி நேரம் குறைகிறது. ஆறு நாளில் பதினாறரை மணி நேரம். அதாவது, வாரத்தில் இரண்டு முழு இரவுகள் தூங்காமல் இருப்பதற்குச் சமம்.

எல்லோருக்கும் நாள் இப்படியே இருக்காது. டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையைக் கிளப்புவது, கடையில் உதவுவது என்று அதே நேரத்தை வேறு வேலைகளுக்குக் கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்குச் சமையலறை வேலையும் சேர்ந்துகொள்ளும். விடுதிகளில் ‘ஸ்டடி’ முடியும் மணிதான் தூங்கும் நேரத்தை முடிவு செய்கிறது. காரணம் வேறு வேறு, பற்றாக்குறை ஒன்றுதான்.

“ஒன்பதரைக்கே படுக்க வேண்டியதுதானே?”

சொல்வது எளிது, உடம்பு கேட்காது. மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரக்கும்போதுதான் உடலுக்கு ‘இரவு வந்துவிட்டது’ என்ற தகவல் போகிறது. பருவ வயதில் இது சிறுவயதில் இருந்ததைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. அதனால்தான் ஒன்பதரைக்குப் படுத்தாலும் பிள்ளைகள் புரண்டுகொண்டே இருக்கிறார்கள். போன் இந்தத் தாமதத்தை இன்னும் நீட்டிக்கும் என்பது உண்மை. ஆனால், போனை வாங்கி வைத்துவிட்டால் மட்டும் தாமதம் முழுதாகச் சரியாகிவிடாது.

‘பெரிய பிள்ளை ஆயாச்சு, தூக்கம் குறையத்தானே செய்யும்’ என்ற எண்ணமும் தவறு. 1976-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மேரி கார்ஸ்கடன், வில்லியம் டிமென்ட் ஆகியோர் சிறார்களுக்காக ஒரு கோடைகாலத் தூக்க முகாமைத் தொடங்கினார்கள். அதே பிள்ளைகள் ஆண்டுதோறும் வந்து தங்கினார்கள். வளர வளரத் தூக்கம் குறையும் என்றுதான் ஆய்வாளர்கள் எதிர்பார்த்தார்கள். ஆனால், போதிய நேரம் கிடைத்தபோது எல்லா வயதிலும் அவர்கள் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள்.

விடியற்காலைப் படிப்பு

‘விடியக்காலைல படிச்சாத்தான் மனசுல நிக்கும்’ என்பது வீட்டுப் பெரியவர்களின் அனுபவம். இரவு எட்டரைக்கே விளக்கணைத்த காலத்தில் நாலரைக்கு எழுந்தாலும் எட்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தது. இன்று எழும் நேரம் அப்படியே இருக்கிறது, படுக்கும் நேரம் மட்டும் மூன்று மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. கனவுகள் அதிகம் வரும் ‘ரெம்’ தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில்தான் வரும். அன்றைய உணர்ச்சிகளை மூளை ஆற்றிக்கொள்ள இது உதவுகிறது என்று கருதப்படுகிறது. தாமதமாகப் படுத்து, விடியும் முன் அலாரம் வைத்து எழும்போது அதிகம் வெட்டுப்படுவது இந்தப் பகுதிதான். படித்ததை நினைவில் பதிய வைக்கும் வேலையும் தூக்கத்தில்தான் நடக்கிறது.

சின்ன விஷயம், பெரிய அழுகை

பயம், கோபம் போன்ற உணர்ச்சிகளை எழுப்புவதில் மூளையின் அமிக்டலா என்ற பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. ‘பொறு, யோசி’ என்று அதைக் கட்டுப்படுத்துவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை. இது முழுமையாக முதிர்ச்சி அடையவே 25 வயது நெருங்கிவிடும். தூக்கமில்லாத நிலையில் அமிக்டலா அதிகமாகக் கிளர்ந்தெழுவதையும், முன்மூளையுடனான அதன் தொடர்பு பலவீனமாவதையும் மேத்யூ வாக்கர் குழுவினரின் மூளை ஸ்கேன் ஆய்வு 2007-ல் காட்டியது. அதில் பங்கேற்றவர்கள் இளம் வயதினர். முன்மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தூக்கம் குறைந்தால் சமாளிப்பது இன்னும் கடினம்.

வாட்ஸ்அப் குரூப்பில் தன்னைச் சேர்க்காதது, பெஞ்ச் தோழி இடம் மாறி உட்கார்ந்தது, ‘அத்தை பையனைப் பாரு’ என்ற ஒரு வார்த்தை. நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் இவை தாண்டிப்போகும். ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிய நாளில் இதே விஷயங்கள் மலையாகத் தெரியும். அதற்கு மேல் 600-க்கு எவ்வளவு, நீட்டில் 720-க்கு எவ்வளவு, பொறியியல் கட்ஆஃப் 200-க்கு எவ்வளவு என்ற கேள்விகள். அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறும் என்று தெரிந்த பிள்ளையின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்தைத் தாங்கும் பலத்தைத்தான் தூக்கமின்மை குறைத்துவிடுகிறது.

பிற இடங்களில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரம் 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றப்பட்டது. மாணவர்களின் தூக்கம் தினமும் சராசரியாக 34 நிமிடம் கூடியதாக 2018-ல் வெளியான ஆய்வு சொன்னது. கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகள் பொதுவாக 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் பள்ளி மணி பொதுவாக அதற்குப் பிறகுதான் அடிக்கிறது. இங்கே தூக்கத்தைத் தின்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஸ்பெஷல் கிளாஸும் டியூஷனும்தான். இதை மாற்ற அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* காலை டியூஷன், இரவு டியூஷன் இரண்டில் ஒன்றைக் குறைக்க முடியுமா என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

* எழும் நேரத்தை முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து எட்டு மணி நேரம் பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தை வையுங்கள்.

* பள்ளி விட்டு வந்ததும் 20 நிமிடக் குட்டித் தூக்கம் போடுவது சோம்பேறித்தனம் அல்ல.

* ஞாயிறன்று ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். மதியம் வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் காலை இன்னும் சிரமமாகும்.

* இரவில் எல்லோருடைய போனும் ஹாலிலேயே இருக்கட்டும், அப்பா அம்மாவின் போனும் சேர்த்துத்தான்.

* வீட்டுக்குள் நுழைந்ததும் மார்க் பற்றிக் கேட்க வேண்டாம். சாப்பிட்டு முடிக்கட்டும்.

* பொதுத்தேர்வில் விடை எழுதத் தொடங்குவது காலை 10.15 மணிக்கு. மூளை விழிப்போடு இருக்க வேண்டியது அந்த நேரத்தில்தான். தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழிப்பது அதைத்தான் கெடுக்கும்.

எப்போது உதவி தேவை?

நன்றாகத் தூங்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால், நண்பர்களிடமிருந்து விலகினால், சாப்பாடு குறைந்தால், அது வெறும் தூக்கப் பிரச்சினை அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்’ என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடனே பேசுங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவச மனநல ஆலோசனை பெறலாம். தமிழ்நாடு அரசின் 104 சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம். மாணவர்களே நேரடியாகப் பேசலாம்.