ஓட்டோ கியர் பெட்டி ‘திடீரென’ செயலிழப்பதில்லை

மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருக்கும் கார் ஒன்றின் இஞ்சின் எதிர்பாராத விதமாகப் பேரிரைச்சல் எழுப்புகின்றது. சாரதி அக்ஸிலேட்டரை மேலும் அழுத்துகின்றார். இரைச்சல் கூடுகின்றதே தவிர வாகனம் முன்னே நகர மறுக்கின்றது; சில கணங்களில் பின்னோக்கி உருளவும் தொடங்குகின்றது. உள்ளே முதியவர்களும் பிள்ளைகளும் இருக்கின்றனர். பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருக்கின்றது. கடுகண்ணாவை ஏற்றத்திலோ, றம்பொடையிலோ, கிழக்கிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்கு வருவோர் ஏறும் 18 வளைவுப் பாதையிலோ இக்காட்சி புதியதன்று. இஞ்சினில் குறையேதும் இல்லை. செயலிழந்திருப்பது ஓட்டோ கியர் பெட்டியே.

“காலையில்கூட நன்றாகத்தான் ஓடியது” என்பது இத்தகைய வாகனங்களின் உரிமையாளர்கள் கராஜில் வழக்கமாகக் கூறும் வாக்கியமாகும். அவர்கள் பொய் கூறுவதில்லை. ஆயினும், அக்கியர் பெட்டி பல மாதங்களாக, சில வேளைகளில் பல ஆண்டுகளாக, தனது நிலையை அறிவித்துக்கொண்டே வந்திருக்கும். அந்த அறிவிப்பின் மொழி உரிமையாளருக்கு எவராலும் கற்பிக்கப்படவில்லை என்பதே இங்குள்ள பிரச்சினை.

இது ஒரு சிலரின் தனிப்பட்ட சங்கடம் என்று ஒதுக்கிவிடக்கூடிய விடயமன்று. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளும் இந்நாட்டு மக்கள் தம்மிடம் இருந்த வாகனங்களையே ஓட்டித் தீர வேண்டியிருந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் உடன் ஏறியது. இறக்குமதிக்கு அனுமதி கிடைத்த பின்னரும், வரிகளுடன் சேர்ந்த விலை ஆசிரியருக்கோ எழுதுவினைஞருக்கோ சிறு கடைக்காரருக்கோ எட்டும் விலையாக அமையவில்லை. ஆகவே 2000 ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் தயாரிக்கப்பட்டு, அங்கு சில காலம் பாவிக்கப்பட்டு இங்கு வந்த கொரோலா, அலியன், விட்ஸ், ஃபிட் போன்ற கார்கள் இன்னமும் பல குடும்பங்களின் ஒரே வாகனமாக இருக்கின்றன. வைத்தியசாலைக் கிளினிக்குக்கும் கலியாண வீட்டுக்கும் தொலைவிலுள்ள உறவினரின் மரணச் சடங்குக்கும் அதுவே செல்ல வேண்டும். அதன் கியர் பெட்டி செயலிழந்தால் ஏற்படும் செலவு, பல வீடுகளில் நகை அடகுக்குப் போவதில் முடிகின்றது.

2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு ஆண்டுதோறும் அவசியமாகின்றது. அது இஞ்சின் வெளியிடும் புகையை மாத்திரமே அளக்கின்றது. பரிசோதனையில் சித்தியடைந்த கார் நல்ல நிலையில் உள்ளது என்று நம்புவோர் பலர். கியர் பெட்டியின் நிலை அந்தப் பத்திரத்தில் எங்கும் இல்லை.

ஓட்டோ கியர் பெட்டி பொதுமக்களின் கைக்கு வந்தது அண்மையில் அன்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இல் ‘ஹைட்ராமெட்டிக்’ என்ற பெயரில் அதனை ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்காக அறிமுகம் செய்தது. அதன் அடிப்படைத் தத்துவம் இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. சாதாரண கியர் வாகனத்தில் சாரதியின் கால் கிளச்சை மிதிக்கின்றது. கை கியரை மாற்றுகின்றது. ஓட்டோவில் இவ்விரு வேலைகளையும் எண்ணெய் செய்கின்றது. இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையிலுள்ள டோர்க் கொன்வேர்ட்டர் என்னும் உருண்டைக் கலத்தினுள், இரண்டு காற்றாடிகளை நேருக்கு நேர் வைத்தாற்போல, இரு இறக்கைச் சக்கரங்கள் உள்ளன. இஞ்சின் சுழற்றும் சக்கரம் எண்ணெயை வீச, அந்த எண்ணெய் மற்றைய சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதற்கப்பால் கியர்களை இணைப்பதும் விடுவிப்பதும் சிறிய கிளச் தட்டுகளின் அடுக்குகளாகும். இத்தட்டுகளின் மேற்பரப்பில் கடதாசி போன்ற உராய்வுப் பொருள் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை இறுக்கிப் பிடிப்பதும் எண்ணெயின் அழுத்தமே. எண்ணெயை எந்தக் குழாயில் எப்போது செலுத்துவது என்பதைக் கணினியின் கட்டளைப்படி சொலனோய்ட் எனப்படும் மின்வால்வுகள் தீர்மானிக்கின்றன.

எனவே, இந்தப் பெட்டியில் எண்ணெய் என்பது தேய்வைக் குறைக்கும் பொருள் மட்டுமன்று. அதுவே வலுவைக் கடத்துகின்றது, தட்டுகளை அழுத்துகின்றது, வெப்பத்தை வெளியேற்றுகின்றது. எண்ணெய் குறைந்தாலோ கெட்டாலோ பெட்டி தன் கையையும் காலையும் இழந்துவிடுகின்றது.

வெப்பமே அந்த எண்ணெயின் பிரதான எதிரி. அதன் வெப்பநிலை வழமையான அளவுக்கு மேல் 10 பாகை செல்சியஸ் உயரும் ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியியலாளர்களின் பொதுக் கணக்கு. கொழும்பின் வாகன நெரிசலில் நின்று நகர்ந்து நிற்பதும், முழுச் சுமையுடன் மலை ஏறுவதும் வெப்பத்தை மிக அதிகமாகப் பிறப்பிக்கும் ஓட்டங்களாகும். வெந்த எண்ணெய் சிவப்பு நிறம் மாறிக் கபிலமாகி, பின்னர் கறுத்து, கருகிய வாடை வீசும். அதன் அழுத்தம் தளரத் தட்டுகள் வழுக்கும். வழுக்கும் தட்டு மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். அந்த வெப்பம் எஞ்சிய எண்ணெயையும் கெடுக்கும். இந்தச் சுழல் தொடங்கிய பின்னர் முடிவு விரைவாகவே வருகின்றது. வாகனம் ஏற்றத்தில் நின்ற அந்த நாள், இச்சுழலின் கடைசி நாளாகும்.

இங்கு உற்பத்தியாளர்களின் மீதும் ஒரு குறை கூறியே ஆகவேண்டும். பல மாதிரிகளின் கியர் எண்ணெய்க்கு ‘ஆயுட்காலம் முழுவதற்கும் போதுமானது’ என்ற பெயர் சூட்டப்பட்டது. எவருடைய ஆயுட்காலம் என்று கேட்பதே பொருத்தமாகும். புதிய காரை வாங்கிச் சில ஆண்டுகளில் கைவிடும் ஜப்பானியரின் கணக்கு, அதே காரை மூன்றாவது உரிமையாளராக வாங்கிப் பதினைந்தாவது ஆண்டிலும் ஓட்டுகின்ற நம்மவருக்குப் பொருந்தாது. மீற்றர் குறைக்கப்பட்ட வாகனமாயின் அந்த எண்ணெய் உண்மையில் எத்தனை கிலோமீற்றர் கண்டது என்பதும் தெரியாது. மறுபுறத்தில், ‘பழைய எண்ணெயை மாற்றினால் கியர் பெட்டி போய்விடும்’ என்ற நம்பிக்கை கராஜ்களில் பரவலாக உள்ளது. ஏற்கனவே தட்டுகள் தேய்ந்து வழுக்கத் தொடங்கிய பெட்டியைப் புதிய எண்ணெய் காப்பாற்றாது என்பது மெய்யே. பழி மட்டும் எண்ணெயின் மீது விழுகின்றது. இன்னமும் ஒழுங்காக இயங்கும் பெட்டிக்கு அந்த அச்சம் பொருந்தாது. வடிகால் ஆணியைக் கழற்றும்போது மொத்த எண்ணெயில் ஒரு பகுதியே வெளியேறும், எஞ்சியது கொன்வேர்ட்டரினுள் தங்கிவிடும். ஆதலால் சில நூறு கிலோமீற்றர் இடைவெளிகளில் இரண்டு மூன்று தடவை வடித்து நிரப்புவது, இயந்திரம் கொண்டு ஒரேயடியாக அலசுவதிலும் பாதுகாப்பானது.

எண்ணெயின் இனமும் முக்கியம். டொயோட்டாவின் பழைய ‘டி-4’ எண்ணெயும் பின்னர் வந்த ‘டபிள்யூஎஸ்’ எண்ணெயும் தடிப்பில் வேறானவை. பட்டியும் கப்பிகளும் கொண்டு இயங்கும் சிவிடி பெட்டிகளுக்கு அவற்றுக்கென்றே உரிய எண்ணெய் வேண்டும்; சாதாரண ஓட்டோ எண்ணெயை அவற்றில் ஊற்றுவது பட்டியை வழுக்கச் செய்து பெட்டியை அழிக்கும். 2006 இல் அறிமுகமான எக்ஸியோ, 2007 இன் அலியன் ஆகியவற்றில் பல சிவிடி கொண்டவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கியர் நெம்பு ஒன்றுபோலவே தோன்றும். காரின் மாதிரித் தகட்டிலுள்ள கியர் பெட்டிக் குறியீட்டைப் பார்த்தே எண்ணெய் வாங்க வேண்டும்.

இனி, முன்னறிவிப்புகள். நெம்பை ‘பி’யிலிருந்து ‘டி’க்கோ ‘ஆர்’க்கோ நகர்த்தியபின் வாகனம் பிடிப்பதற்கு இரண்டு மூன்று விநாடிகள் தாமதித்தால் அழுத்தம் தளர்ந்து வருகின்றது என்பது பொருள். ஓடும்போது ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடைவெளியில் இஞ்சின் வீணே இரைந்தால் தட்டு வழுக்குகின்றது. கியர் மாறும்போது முதுகில் தள்ளியது போன்ற அடி, சீரான வேகத்தில் செல்லும்போது கல் வீதியில் ஓடுவது போன்ற நடுக்கம், வாகனம் நின்ற இடத்தில் சிவந்த எண்ணெய்த் துளிகள் ஆகியவையும் இவ்வகையினவே. ‘ஓ/டி ஓஃப்’ விளக்கு தானாகவே மின்னி மின்னி அணைந்தால், கணினி ஒரு கோளாறைப் பதிவு செய்துள்ளது என்று அறிக. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது, சூடேறியதும் வழுக்கி, அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் மீண்டும் ஓடும் நிலையாகும். ‘சரியாகிவிட்டது’ என்று உரிமையாளர் மகிழ்கின்றார். சூடான எண்ணெய் இளகித் தேய்ந்த சீல்களினூடாகக் கசிவதும், ஆறியதும் தடித்து மீண்டும் அழுத்தம் பெறுவதுமே அங்கு நடக்கின்றது. அடுத்த ஏற்றத்தில் அது மீண்டும் கைவிடும்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடான கியர் பெட்டி நீரில் நனைந்து சடுதியாகக் குளிரும்போது, அதன் சுவாசக் குழாய் வழியாக நீரை உள்ளிழுக்கின்றது. ரேடியேட்டரினுள் அமைந்துள்ள எண்ணெய்க் குளிராக்கி துருவேறி உடைந்தாலும் இதே கதிதான். குளிர்விக்கும் நீர் எண்ணெயுடன் கலந்து இளஞ்சிவப்புப் பால் போலாகிவிடும். நீர் பட்டால் தட்டுகளிலுள்ள உராய்வுப் பொருளின் பசை விட்டுப்போகின்றது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நின்ற வாகனங்களில், இஞ்சின் எண்ணெயை மாற்றிவிட்டுக் கியர் எண்ணெயைப் பாராமல் விட்டவர்கள் இப்போதாவது பார்ப்பது நன்று.

எனினும், வாகனம் நகரவில்லை என்பதனாலேயே பெட்டி அழிந்துவிட்டது என்று முடிவு செய்யலாகாது. முன் சில்லுகளைச் சுழற்றும் தண்டு ஒன்று முறிந்தாலோ கழன்றாலோ அதே அறிகுறிகளே தோன்றும்: இஞ்சின் இரையும், வாகனம் நகராது. வேறுபாட்டை அறிவது எளிது. நெம்பை ‘பி’யில் வைத்தபோதும் வாகனம் உருளுமாயின் ஐயம் முதலில் தண்டின் மீதே விழ வேண்டும், ஏனெனில் ‘பி’ பூட்டு கியர் பெட்டியைத்தான் பிடிக்கின்றது, சில்லை அன்று. இதேபோல் நெம்பின் கேபிள் விட்டுப்போவதும், எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து எண்ணெய் முழுவதும் வடிந்துவிடுவதும், வலுவிழந்த பற்றரியோ பழுதான வயரோ கணினியைக் குழப்புவதும் உண்டு. நெம்பு ‘பி’யை விட்டு அசையவே மறுத்தால், பெரும்பாலும் பிரேக் ஆளியே காரணம். இவையெல்லாம் பெட்டியைக் கழற்றாமல் தீரக்கூடியவை.

வீதியில் நின்றுவிட்டால் முதலில் காலை அக்ஸிலேட்டரிலிருந்து எடுக்க வேண்டும். மேலும் இரையவிடுவது பெட்டியை மேலும் கருக்கும். வாகனம் பின்னோக்கி உருளும்போது இஞ்சினை அணைக்கலாகாது; அணைத்தால் பிரேக்கின் உதவி வலுவும் ஸ்டீயரிங்கின் உதவியும் போய்விடும். பிரேக்கினால் ஓரத்துக்குக் கொண்டுவந்து, முற்றாக நின்றபின் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, அதன் பின்னரே ‘பி’யில் இட வேண்டும். சில்லுக்குக் கல் வைப்பது நம்மூர் லொறிச் சாரதிகள் அறிந்த நல்ல பழக்கம். பயணிகளை வீதிப் பக்கமன்றி ஓரப் பக்கமாக இறக்க வேண்டும். எவரும் வாகனத்தின் பின்னால் நிற்கக்கூடாது. தள்ளி இஞ்சினை இயக்கும் வித்தை ஓட்டோவில் பலிக்காது. கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் ஆபத்தானது. பெட்டியின் எண்ணெய்ப் பம்பியை இஞ்சினே சுழற்றுகின்றது. இஞ்சின் ஓடாமல் முன் சில்லுகள் மட்டும் நெடுந்தூரம் சுழன்றால் பெட்டியின் உட்பாகங்கள் எண்ணெயின்றித் தேயும். முன் சில்லுகளைத் தூக்கியோ, முழு வாகனத்தையும் ஏற்றியோ கொண்டுசெல்வதே முறை.

கராஜில்தான் உண்மையான சோதனை காத்திருக்கின்றது. ‘பெட்டி போய்விட்டது, வேறு பெட்டி போட வேண்டும்’ என்ற தீர்ப்பை, கணினிக் குறியீடுகள் வாசிக்கப்படும் முன்னரும், எண்ணெய்த் தட்டம் கழற்றப்படும் முன்னரும் ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. தட்டத்திலுள்ள காந்தங்களில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது இயல்பான தேய்வு. மினுங்கும் உலோகச் சீவல்களும் கரித்துண்டு போன்ற தட்டுப் பொருளும் கிடந்தால் மாத்திரமே உள்ளே பெருஞ்சேதம் நிகழ்ந்துள்ளது. இதனை உரிமையாளர் தமது கண்ணால் பார்க்கலாம். பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

பெட்டியை மாற்றியே ஆகவேண்டும் என்றானால், பெரும்பாலானோர் பஞ்சிகாவத்தையில் விற்கப்படும் பாவித்த ஜப்பானியப் பெட்டியையே நாடுகின்றனர். மூலப் பெட்டியின் குறியீடும் புதிதாக வாங்குவதன் குறியீடும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விற்பவர் தரும் உத்தரவாதம் எத்தனை நாளுக்கு, எதற்கு என்பது பற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் பின்னர் முறையிட நேர்ந்தால் வாய்ச்சொல் கைகொடுக்காது. பூட்டும்போது இரு விடயங்களை மேற்பார்வை செய்வது அவசியம். கொன்வேர்ட்டர் முழுமையாக உள்ளே அமராத நிலையில் ஆணிகளை இறுக்கினால், பெட்டியின் பம்பி அங்கேயே நொறுங்கிவிடும். மற்றையது, பழைய பெட்டி உதிர்த்த உலோகத் துகள்கள் எண்ணெய்க் குளிராக்கியிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல், தேவையெனில் குளிராக்கியை மாற்றாமல், இரண்டாவது பெட்டியைப் பூட்டியவர்கள் சில மாதங்களில் மூன்றாவது பெட்டியைத் தேடிப் பஞ்சிகாவத்தைக்குத் திரும்ப நேர்கின்றது.