இரண்டு விடுதலை நாள்கள்

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் கைக்கு இரண்டு தவணைகளில் வந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் மாறியது. நிலம் சட்டப்படி இந்தியாவைச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16 அன்று. இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், ஆள்வது ஒரு நாடாகவும் உரிமை மற்றொரு நாட்டுடையதாகவும் இருந்த விசித்திரமான காலம்.

இந்தக் கதையின் திருப்புமுனை கடற்கரை நகரத்தில் அமையவில்லை. வில்லியனூர் கொம்யூனின் வயல்வெளியில் அமைந்தது. அந்தப் பகுதியின் நில அமைப்பே தனி. நகரத்திலிருந்து விழுப்புரம் சாலையில் வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. அரியூரைத் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. இன்னும் மேற்கே போனால் திருபுவனையும் மதகடிப்பட்டும் மறுபடி புதுச்சேரி. எல்லை மாறுவதை இன்று பயணிகள் சாராயக் கடைகளையும் பெட்ரோல் விலையையும் வைத்தே கண்டுகொள்கிறார்கள். 1749இல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தபோது நிலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று யாரும் கவலைப்படவில்லை. பிறகு வந்த போர்களிலும் உடன்படிக்கைகளிலும் இந்த ஊர்கள் கைமாறின. 1816க்குப் பின் பிரெஞ்சு வசம் நிலைத்தன.

சிதறிக் கிடந்த எல்லையின் கடுமை 1949இல்தான் முழுதாகத் தெரிந்தது. பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் 1941 முதல் இருந்த சுங்க உடன்பாடு அந்த ஆண்டு முடிவுக்கு வந்தது. 1879 முதல் இயங்கிவந்த விழுப்புரம் ரயில் பாதையிலும் மாட்டுவண்டித் தடங்களிலும் சோதனைகள் வந்தன. பக்கத்து ஊருக்கு நெல் கொண்டுபோவதே அயல்நாட்டு வணிகமாகிவிட்டது. நகரத்தில் விடுதலை என்பது கொள்கைப் பேச்சு. கிராமத்தில் அது அன்றாட வசதியின் கேள்வி.

1954 மார்ச்சில் நிலைமை வேகமாக மாறியது. அதுவரை பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த எதுவார் குபேர் அணி மாறினார். மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் நகராட்சித் தலைவர்கள், பொதுவாக்கெடுப்பு இல்லாமலேயே இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் குபேர் ஒரு தற்காலிக அரசையே அமைத்துவிட்டார். இன்னொரு பக்கம் வ. சுப்பையா தலைமையில் கம்யூனிஸ்ட்டுகள் போராடினார்கள். இருவருக்கும் ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த செய்தி. இணைப்பில் மட்டும் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

பிரான்சுக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. 1946ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க முடியாது என்றது. 1949இல் மற்றொரு பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் நேரடி வாக்கெடுப்பு நடத்தியபோது மக்கள் பெருவாரியாக இந்தியாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இம்முறை வாக்காளர்களிடம் போகாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைக் கூட்டி ஒப்புதல் வாங்க இரு அரசுகளும் முடிவு செய்தன. கூட்டம் நடந்த இடம் வில்லியனூர் கொம்யூனின் கீழூர், நாள் 1954 அக்டோபர் 18. புதுச்சேரியையும் காரைக்காலையும் சேர்ந்த 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். பல லட்சம் பேரின் நாடு எது என்ற கேள்வி ஒரு கிராமத்தில் ஒரே நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று கேவல் சிங் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

நிலத்தை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தாகியும் பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க ஆறு ஆண்டுகள் பிடித்தன. காரணம் அல்ஜீரியா. அங்கே போர் நடக்கும்போது இன்னொரு நிலத்தை விட்டுக்கொடுக்கும் தீர்மானத்தைக் கொண்டுவர எந்த அரசுக்கும் துணிவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகே புதுச்சேரியின் கோப்பு நகர்ந்தது.

இந்த இடைவெளி எவ்வளவு மெய்யானது என்பதை ஒரு பேருந்து உரிம வழக்கு காட்டியது. தலைமை ஆணையரின் ஆணையை எதிர்த்து மேல்முறையீடு உச்சநீதிமன்றம் வரை போனது. புதுச்சேரி இந்திய நிலப்பகுதியா என்று நீதிமன்றம் மத்திய அரசிடம் கேட்டது. இல்லை என்று அரசே பதில் சொன்னது. எனவே அந்த முறையீட்டை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இந்திய அதிகாரி ஆண்ட ஊர், இந்திய உச்சநீதிமன்றத்துக்கு எட்டாத ஊராக இருந்தது. 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்ததோடு இந்தக் குழப்பம் தீர்ந்தது.

நினைவுகூரும் முறையிலும் ஒரு குழப்பம் தங்கிவிட்டது. நவம்பர் 1 விடுதலை நாளாக நகரத்தில் கொண்டாடப்படுகிறது. ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ மாற்ற நாள். அன்று கொடியேற்றம் கீழூர் நினைவிடத்தில். அந்த ஊரில் வாக்களித்தது அக்டோபரில். விழாவோ, பாரிசும் தில்லியும் முடித்த ஆகஸ்ட் வேலைக்கு.

உடன்படிக்கையின் குடியுரிமைப் பிரிவுகள்தான் இன்றுவரை வீடுகளுக்குள் வேலை செய்கின்றன. அவை நடைமுறைக்கு வந்த நாளில் இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் தாமாக இந்தியரானார்கள்; வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இந்தியாவுக்கு வெளியே வசித்தவர்கள் பிரெஞ்சுக்காரராகவே தொடர்ந்தார்கள். ஆகவே ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியை அந்த ஒரு நாளில் யார் எந்த ஊரில் இருந்தார் என்பது இரு நாட்டவராக்க முடிந்தது. படிவம் எழுதிக் கொடுத்தவர்களில் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்த ‘சொல்தா’ குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குப் பிரெஞ்சு ஓய்வூதியம் வந்தது. பிரான்சில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடக்கும்போது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காக வாக்குச்சாவடி அமைகிறது.