அடியாத பிள்ளையும் படியும்



தடுப்பூசி, சத்துணவு, பிறப்புக்கு இடைவெளி விடுதல் என்று பிள்ளை வளர்ப்பின் பல விஷயங்களை உங்கள் கிராம சுகாதார செவிலியர் எடுத்துச் சொல்லி வருகிறார். இந்தப் பிரசுரம் பிள்ளைகளைக் கண்டிப்பது பற்றியது. "அடிக்கிறதும் அணைக்கிறதும் எங்க பாடு, வாத்தியார் பாடு. இதுல சுகாதாரத் துறைக்கு என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அடிக்குப் பயந்த பிள்ளை பொய் சொல்வதோடு நிற்பதில்லை. நோயையும் காயத்தையும்கூட மறைக்கிறது. அதனால் உயிரே போகக்கூடும். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில், பள்ளிக்கூடத்துக் கண்டிப்பு தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறி வந்தது என்று பார்ப்போம்.

திண்ணையில் கோதண்டம்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையும் எழுத்தாணியும் பிடித்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெல்லாரியில் கலெக்டராக இருந்த காம்பெல் என்பவர், 1823-ல் அனுப்பிய அறிக்கையில் இப்படிப்பட்ட பள்ளிகளின் வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். அது அவனுக்கு மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம். மூன்றாவதாக வருபவனுக்கு லேசாக ஒரு அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு அடி கூடும். கடைசியாக வருபவன் கதியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சோம்பேறி என்று பெயர் வாங்கியவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. தமிழில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். பள்ளிக்கு வராமல் ஒளிந்து கொண்டவனைச் சட்டாம்பிள்ளை போய்ப் பிடித்து வருவான்.

பிறகு சர்க்கார் பள்ளிக்கூடங்கள் வந்தன. கோதண்டம் போயிற்று, பிரம்பு நின்றது. அடிப்பதற்கும் கல்வி விதிகளில் ஒரு வரம்பு இருந்தது. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசமாகப் பேசுவது போன்ற பெரிய தவறுகளுக்கு மட்டும்தான் அடிக்கலாம். தலைமையாசிரியரே அடிக்க வேண்டும், அல்லது அவர் மேற்பார்வையில் அடிக்க வேண்டும். கையில் ஆறு அடிக்கு மேல் கூடாது. விதி இப்படி. நடப்பு எப்படி இருந்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கணக்குத் தப்பினாலும் அடி, சிலேட்டு உடைந்தாலும் அடி. பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பனாரே, "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர்களுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இல்லை என்று எண்ண வேண்டாம். அன்று ஊரில் எழுத்துத் தெரிந்தவர் வாத்தியார் ஒருவராகவே இருப்பார். அவர் சொன்னதே வேதம். வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள். 1970-களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 100-க்கு மேல் முதல் பிறந்த நாளைக் காணவில்லை. காடு கழனிக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்பும் தாய்க்கு, ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைத்துப் பேச நேரம் ஏது? ஒரு அதட்டல், ஒரு அடி என்று காரியம் முடிந்தது.

பிரம்பு போய்ச் சோறு வந்தது

காலம் மெல்ல மாறியது. முன்பு பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்து வரச் சட்டாம்பிள்ளை தேவைப்பட்டான். 1956-ல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. பிரம்பால் கூட்ட முடியாத கூட்டத்தைச் சோறு கூட்டியது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு பெரிய மாற்றம் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம். வயல் வேலையும் கல்லுடைக்கும் வேலையும் முடிந்து வந்த பெண்கள் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். அங்கே படித்த தாய்மாரை யாரும் பிரம்பால் அடிக்கவில்லை. சொல்லிக் கொடுத்தவர்களில் பலர் அவர்களைவிட வயதில் சிறியவர்கள். அடி இல்லாமல் எழுத்து வரும் என்பதற்கு நம் மாவட்டத்துத் தாய்மாரே சாட்சி. அன்று படித்த பலர் இன்று உங்கள் வீடுகளில் அப்பத்தாவாகவும் அம்மாச்சியாகவும் இருக்கிறார்கள்.

சட்டமும் மாறியது. சுவீடன் நாடு 1979-லேயே வீட்டிலும்கூடப் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. உலகில் அதுவே முதல். ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 1992-ல் அதை ஏற்றது. தமிழ்நாட்டில் 2003-ல் கல்வி விதி திருத்தப்பட்டு, பள்ளியில் அடிப்பதற்கு இருந்த அனுமதி நீக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் நாடு முழுவதும் தடை செய்கிறது. "மக்கு", "தண்டம்" என்று எல்லார் முன்னிலையிலும் இழிவாகப் பேசுவதும் துன்புறுத்தலே.

பிரம்பு எங்கே போயிற்று?

சட்டப்படி பள்ளியை விட்டுப் போன பிரம்பு பல வீடுகளில் வந்து உட்கார்ந்து கொண்டது. கரண்டிக் காம்பு, விளக்குமாறு, இடுப்பு பெல்ட், வேப்பங்குச்சி என்று அதற்குப் பல வேஷம். மத்திய அரசு 13 மாநிலங்களில் ஆய்வு செய்து 2007-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாடு அந்த 13-ல் இல்லை. இருந்தாலும் அது நமக்கும் ஒரு கண்ணாடிதான். பள்ளி செல்லும் பிள்ளைகளில் 100-க்கு 65 பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்குள் அடி வாங்கிய பிள்ளைகளில் 100-க்கு 88 பேருக்கு மேல் அடித்தது பெற்ற தாய் தகப்பனே.

"நாங்க அடி வாங்கித்தானே ஆளானோம்? கெட்டா போயிட்டோம்?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அடியைத் தாங்கிக்கொண்டு படித்தவர்கள். தாங்காதவர்கள் என்ன ஆனார்கள்? வாத்தியார் அடிக்குப் பயந்து மூன்றாம் வகுப்போடு பையை வைத்துவிட்டு ஆடு மேய்க்கப் போனவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அடி வாங்கியவர் ஆளானது அடியால் அல்ல, அடியையும் மீறி.

அடி உடம்பில் என்ன செய்யும்?

கன்னத்தில் ஓங்கி அறைந்தால் காதுச் சவ்வு கிழிந்து காது மந்தமாகலாம். அழுகிற கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணம் போட வைத்தால் தசை நைந்து சிறுநீரகம் பழுதாகலாம். ஓயாமல் பயத்தில் வளரும் பிள்ளைக்குத் தூக்கம் கெடும், வயிற்றுவலி வரும், படுக்கையில் சிறுநீர் போகும், பாடமும் மனதில் நிற்காது. படுக்கையை நனைத்ததற்காக அடித்தால் பயம் கூடும். பயம் கூடினால் மறுபடி நனைப்பது கூடும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, பிள்ளை மறைப்பது. சொல்லாமல் குளத்துக்குப் போன பையனை வழியில் நாய் கடித்துவிடுகிறது. "வீட்டுல சொன்னா அப்பா தோலை உரிச்சிடுவாரு" என்று கால்சட்டையை இழுத்து மறைத்துக்கொள்கிறான். காயம் சின்னது, நான்கு நாளில் ஆறிவிடும். வெறிநாய்க்கடி நோயோ உள்ளே இருந்து வாரங்கள், மாதங்கள் கழித்து வரும். அறிகுறி தெரிந்த பிறகு அந்த நோயிலிருந்து பிழைப்பவர் இல்லை என்றே சொல்லலாம். அதே பையன் அன்றைக்கே சொல்லியிருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய், ஊசியை இலவசமாகப் போட்டுக் காப்பாற்றியிருக்கலாம். முன்போலத் தொப்புளைச் சுற்றி ஊசி கிடையாது, இப்போது கையில்தான்.

பாம்புக்கடியும் இப்படித்தான். விழுங்கிய காசும், குத்திய துரு ஆணியும் இப்படித்தான். தகாத முறையில் யாராவது தொட்டாலும் பிள்ளை வந்து சொல்ல வேண்டியது உங்களிடம்தான். "எது நடந்தாலும் அம்மாகிட்ட சொல்லலாம், அப்பாகிட்ட சொல்லலாம்" என்ற தைரியமே பிள்ளைக்கு முதல் தடுப்பூசி. ஒவ்வொரு அடியும் அந்தத் தைரியத்தைக் குறைக்கிறது.

படிப்பு ஏறவில்லையா?

பாடம் வரவில்லை என்று அடிப்பதற்கு முன் காரணம் பாருங்கள். கரும்பலகையில் எழுதியது கண்ணுக்குத் தெரிகிறதா? கூப்பிட்டால் காது கேட்கிறதா? முகம் வெளுத்து, எப்போதும் சோர்ந்து இருக்கிறதா? இரத்தசோகையோ குடற்புழுவோ இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டச் சொல்லுங்கள். குடற்புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் பள்ளியில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். கண்ணாடி போட வேண்டிய பிள்ளைக்குப் பிரம்பால் கண் தெரியாது.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா?

கண்டிப்பு அவசியம் வேண்டும். அடிதான் வேண்டாம். செல்லம் கொடுத்து, அழுதால் கையில் செல்போனைத் திணிப்பது பிள்ளை வளர்ப்பு ஆகாது. கணவனும் மனைவியும் கலந்து பேசிச் செய்யக்கூடியவை சில:

1. இருவரும் ஒரே பேச்சாக இருங்கள். அம்மா "கூடாது" என்றதை அப்பா "போகட்டும்" என்றால் பிள்ளை இருவரையும் மதிக்காது. அப்பத்தாவிடமும் தாத்தாவிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.

2. "உங்க அப்பா வரட்டும், சொல்றேன்" என்று தகப்பனைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். அப்பா வாசலில் நுழைந்ததும் பிள்ளை ஓடி வர வேண்டும். ஓடி ஒளியக் கூடாது.

3. "நர்சம்மா வந்து ஊசி போட்டுருவாங்க" என்றும் பயமுறுத்தாதீர்கள். ஊசிக்குப் பயந்த பிள்ளை உடம்பு சரியில்லாத அன்றும் வாய் திறக்காது.

4. விதி கொஞ்சமாக இருக்கட்டும், நிலையாக இருக்கட்டும். விளக்கு வைத்ததும் புத்தகம், சாப்பிடும்போது செல்போன் இல்லை என்று இரண்டு மூன்று போதும். அவை உங்களுக்கும் பொருந்தும்.

5. தவறு செய்தால் அதைச் சரி செய்ய வைக்கலாம். கொட்டினால் துடைக்கட்டும், தம்பியை அடித்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். சாயங்கால விளையாட்டை ஒரு நாள் நிறுத்தலாம். சாப்பாட்டை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

6. நல்லது செய்தால் வாய் நிறையச் சொல்லுங்கள். "சொன்ன உடனே குடத்தை எடுத்து வெச்சியே, சமத்து" என்ற ஒரு வார்த்தை பத்து அதட்டலுக்குச் சமம்.

7. கோபம் தலைக்கேறினால் கையை ஓங்காமல் வெளியே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கூலி கிடைக்காத கோபத்தையும், குடித்துவிட்டு வந்த கோபத்தையும் பிள்ளையின் முதுகில் இறக்காதீர்கள். ஒருவர் நிதானம் தவறினால் மற்றவர் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் அடித்தால்

ஆசிரியர் நமக்குப் பகை அல்ல. நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். "சார், தப்புப் பண்ணினா அடிங்க" என்று நீங்கள் சொல்லாதீர்கள். "தப்புப் பண்ணினா எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, நாங்களும் பேசுறோம்" என்று சொல்லுங்கள். சட்டம் அடிப்பதையும் இழிவுபடுத்துவதையும்தான் தடுக்கிறது. புத்தி சொல்வதைத் தடுக்கவில்லை. அதையும் மீறி அடி விழுந்தால் முதலில் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். தீராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணையோ, குழந்தைகள் உதவி எண் 1098-ஐயோ கூப்பிடலாம்.

தம்பதியரே! இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள்தான். 1,000 குழந்தைகளுக்கு 100-க்கு மேல் இருந்த சிசு மரணம் 2020-ல் 13 ஆகக் குறைந்துவிட்டது. உங்கள் பாட்டிக்குக் கிடைக்காத நேரமும் நிம்மதியும் உங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் கொஞ்சம் பிள்ளையோடு உட்கார்ந்து பேசச் செலவிடுங்கள். "அடியாத மாடு படியாது" என்றார்கள் பெரியவர்கள். அது மாட்டுக்குச் சொன்னது. நம் வீட்டில் இருப்பது பிள்ளை.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். இந்தப் பிரசுரத்தைப் படித்த பின் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.

அளவான குடும்பம்! அடியில்லா வளர்ப்பு! அச்சமில்லாப் பிள்ளை!