அடிக்கல்லுக்கு முன்னே ஒரு நடுவர்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பது முதுமொழி. வீடு கட்டுவதன் அருமை செங்கல்லிலும் சிமெண்டிலும் மட்டும் இல்லை. தளம் போட்டபின், “கம்பி விலை ஏறிவிட்டது, கூடுதல் தொகை வேண்டும்” என்பார் ஒப்பந்தக்காரர். “சுவரில் விரிசல் கண்டிருக்கிறது, மீதித் தொகை தரமாட்டேன்” என்பார் வீட்டுக்காரர். வேலை நின்றுவிடும்.

காஞ்சிபுரத்தில் இத்துன்பம் இருமடங்காகிறது. இங்கே நெசவாளிக்குப் பெரும்பாலும் வீடே தொழிற்கூடம். வீடு பாதியில் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு அணையும். நீதிமன்றப் படியேறிப் பல்லாண்டு காத்திருக்க எத்தனை குடும்பங்களால் இயலும்?

சட்டமே காட்டும் மாற்றுவழி ஒன்றுண்டு. அதுவே நடுவர் தீர்ப்பு. இரு தரப்பாரும் மனமொத்து ஒருவரை நடுவராக ஏற்று, அவர் முடிவுக்குக் கட்டுப்படுவதாக எழுத்தில் உறுதி செய்கின்றனர். சமரசம் செய்பவர் இணங்கும்படி எடுத்துரைப்பார். நடுவரோ இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்பே அளிப்பார். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்பாணைபோல் நிறைவேற்றலாம். அதை எதிர்த்து நீதிமன்றம் செல்லக் காரணங்கள் சிலவே உண்டு. அதற்குரிய காலம் மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் முப்பது நாள்.

இம்முறை எப்போதும் செவ்வனே நடந்ததென்று கூறுவதற்கில்லை. தில்லியில் குருநானக் அறநிறுவனத்துக்கும் அதன் கட்டட ஒப்பந்தக்காரருக்கும் எழுந்த பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1940ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் கீழ் நடுவர் விசாரணைகள் நடைபெறும் விதம் வழக்கறிஞரை நகைக்கவும் சட்ட ஞானிகளை அழவும் வைக்கிறது என்று 1981இல் அம்மன்றம் மனம் நொந்துரைத்தது. அக்குறை நீக்கவே 1996இல் புதுச் சட்டம் வந்தது. இரு தரப்பு வாதுரைகளும் முடிந்தபின் பன்னிரண்டு மாதங்களுக்குள் தீர்ப்பு வழங்கவேண்டுமென்று இன்றைய விதி கூறுகிறது. இரு தரப்பும் இசைந்தால் மேலும் ஆறு மாதம் நீட்டலாம்.

நடுவர் யார் என்பதே உயிர்நாடியான கேள்வி. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) உள்ளன. ஊர்ப்பணி ஏற்றுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்தில் அமரலாகாது என்று அவை விதிக்கின்றன. அது நடுவர் மன்றமன்று. எனினும் பொறுப்பில் அமர்பவர் ஐயத்துக்கு இடமற்றவராய் இருத்தல் வேண்டுமென்ற கருத்து அங்கே தெளிவு. 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் தரப்பினரோடு நெருங்கிய தொடர்புடையோரை விலக்குகிறது. அரசு நிறுவனம் தான் ஒருவராகவே நடுவரை நியமித்துக்கொள்ளும் ஒப்பந்த விதி சமத்துவத்துக்கு முரணானதென்று, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஆகவே வீடோ பள்ளியோ ஆலயமோ கட்ட முனைவோர், அடிக்கல்லுக்கு முன்னரே ஒப்பந்தத்தை எழுதிக் கையொப்பமிடுவது நன்று. அளவு, பொருளின் தரம், தவணை, முடிக்கும் நாள், விலையேற்றத்தைத் தாங்குபவர் யார் என்பன அதில் இடம்பெறட்டும். நடுவர் ஒருவர் போதும். ஒருவருக்கு மேல் வேண்டின் எண்ணிக்கை ஒற்றைப்படையாய் இருத்தல் வேண்டும். கட்டட நுட்பம் அறிந்த, இரு வீட்டாருக்கும் உறவோ கடனோ இல்லாத பொறியாளர் ஒருவர் சிறு வேலைக்குப் பொருத்தமானவர். நடுவருக்குரிய ஊதியத்தை எவ்வாறு பகிர்வதென்பதையும் முன்னரே பேசிக்கொள்ளவேண்டும். இல்லையேல் அதுவே மறு தகராறாகும்.

தகராறு எழுந்தபின்னும் நடுவரிடம் செல்ல இசையலாம், சட்டத்தில் தடையில்லை. ஆயினும் முகம் திரும்பியபின் ஒரே பெயருக்கு இருவரும் தலையசைப்பது அரிது. உறவு இனிதாய் இருக்கும் நாளிலேயே அப்பெயரை எழுதிவைப்போம்.