கறுப்பு மருதாணி: அழிப்பதற்கு முன் யோசிங்க

துபாய்க்கு வரும் நம்ம ஊர் சொந்தக்காரர்கள் பாலைவன சஃபாரி போகாமல் திரும்புவதில்லை. ஒட்டகச் சவாரி, பார்பிக்யூ, கடைசியில் கையில் மெஹந்தி. போன நவம்பரில் தங்கை குடும்பத்தோடு போயிருந்தோம். என் ஏழு வயது மகளும் கையை நீட்டினாள். அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று ஒரு பட்டாம்பூச்சி. அவளுக்கு ஒரே குஷி.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அதற்குள் அழிச்சிடலாம்னு எலுமிச்சை, பேக்கிங் சோடா எல்லாம் போட்டுத் தேய்த்தேன். நிறம் போகவில்லை, தோல்தான் சிவந்தது. பத்தாவது நாள், பட்டாம்பூச்சி இருந்த இடத்திலேயே தடிப்பு, அரிப்பு, கொப்புளம்.

தோல் மருத்துவர் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இது மருதாணியின் வேலை இல்லை என்று. மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் ஆரஞ்சாகத் தெரிந்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாகும். அந்த அடுக்கு உதிரும்போது, இரண்டு மூன்று வாரத்தில் நிறமும் தானாகப் போய்விடும். தேய்த்தால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

சீக்கிரம் கறுப்பாக வருவதற்குக் கலப்பது பிபிடி என்ற தலைச்சாய ரசாயனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைச்சாயத்திலேயே 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. தோலில் நேரடியாகப் பூச அனுமதியே இல்லை. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது.

அதனால், கறுப்பு மெஹந்தி போட்ட இடம் அரித்தால் எலுமிச்சை, ப்ளீச் எதுவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்க. போடுவதற்கு முன்னாடியே, "எவ்வளவு நேரம் வெச்சிருக்கணும்? என்ன கலந்திருக்கு?" என்று கேளுங்க. ஒரு மணி நேரத்தில் கறுப்பாயிடும் என்றால் கையை இழுத்துக்கோங்க.

எங்க பாட்டி அம்மியில் அரைத்து வைத்த மருதாணி, ராத்திரி முழுக்கக் கையில் இருந்தால்தான் காலையில் சிவக்கும். அதைப் பார்த்து வளர்ந்த நானே அரை மணி நேரக் கறுப்பைச் சந்தேகப்படவில்லை.

கொப்புளம் ஆறிவிட்டது. ஆனால் மகள் வளர்ந்து, தலைக்குச் சாயம் பூச ஆசைப்படும்போது, "உனக்கு அது ஒத்துக்காதும்மா" என்று சொல்ல வேண்டியது நான்தான்.