உங்களுக்குத் தெரியுமா? வாய் பேசாத பிள்ளையின் வலி

● பச்சைக் குழந்தைக்கு வலி உறைக்காது என்று 1980களில்கூடப் பல மருத்துவர்கள் நம்பினார்கள். 1985இல் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தபோது, உடம்பை அசையவிடாத மருந்தை மட்டும் கொடுத்தார்கள். வலிக்கு ஒன்றும் தரவில்லை. குழந்தை இறந்த பிறகுதான் தாய்க்கு விஷயம் தெரிந்தது. அவர் விடவில்லை, பத்திரிகைகள் வரை கொண்டுபோனார்.

● அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தவர்களில் ஒருவர், இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற கே.ஜே.எஸ். ஆனந்த். ஃபென்டானில் என்ற வலிநீக்கி கொடுத்து அறுவை செய்த குறைமாதக் குழந்தைகளுக்குப் பின்னால் வந்த சிக்கல்கள் குறைவு என்று 1987இல் அவர் குழு காட்டியது.

● முகம், கால், உடல் அசைவு, அழுகை, தூக்கித் தேற்றினால் அடங்குகிறதா: இந்த ஐந்துக்கும் 0 முதல் 2 வரை வலி மதிப்பெண், மொத்தம் 10. 1997இல் மிச்சிகனில் உருவான இந்த ‘ஃபிளாக்’ முறைதான் இன்று பல மருத்துவமனைகளில் செவிலியரின் கைக்கணக்கு. பசிக்கும் பயத்துக்கும்கூடப் பிள்ளை காலை உதைக்கும் என்பது இதிலுள்ள சங்கடம்.

● அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்காக 1996இல் வந்த ‘பிப்’ அளவுகோல் இதற்கு நேர் எதிர். 28 வாரம்கூட நிரம்பாத சிசுவுக்கு அதனாலேயே 3 மதிப்பெண். அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தால் இன்னும் 3. முகம் சுளிக்கக்கூடத் தெம்பில்லாத உயிர் அல்லவா!

● மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கால் எப்போதுமே விறைத்திருக்கலாம். வலி வந்தால் சிரிக்கிற பிள்ளைகளும் உண்டு. புதிதாகப் பார்க்கும் மருத்துவருக்கு இது எப்படிப் புரியும்? அதனால் 2006இல் ஃபிளாக் முறையைத் திருத்தினார்கள். “என் பிள்ளைக்கு வலித்தால் இப்படித்தான் செய்வான்” என்று பெற்றோர் சொல்வதும் படிவத்தில் ஏறியது. என்னைக் கேட்டால், இத்தனை அளவுகோல்களிலும் உருப்படியான வரி அதுதான்.

● பேச முடியாத 3 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குக் கனடாவில் வலியை அளக்க 30 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் கவனித்துவிட்டு நிரப்ப வேண்டும். சாப்பாடு குறைந்ததா, தூக்கம் கூடியதா என்பதும் அதில் அடக்கம்.

● குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விட்டால், குழந்தையின் முகச்சுளிப்பு குறைகிறது, வலி மதிப்பெண்ணும் இறங்குகிறது. ஆனால் 2010இல் லண்டன் ஆய்வாளர்கள் பச்சிளங்குழந்தைகளின் மூளை அலைகளையும் சேர்த்துப் பதிவு செய்தார்கள். சர்க்கரை கொடுத்த குழந்தைகளுக்கும் வெறும் தண்ணீர் கொடுத்த குழந்தைகளுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. முகத்தை நம்புவதா, மூளையை நம்புவதா என்ற வாதம் எழுந்தது.